256-ஆம் அட்டை

கும்மிடிப்பூண்டி லோக்கலில் புது முகம் ஒன்று எதிர் சீட்டில் உட்கார்ந்தால் போதும். பொன்னேரி வருவதற்குள் அவர் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, சிப்காட்டில் எந்தக் கம்பெனி என்பதெல்லாம் வெளியே வந்துவிடும். விசாரிப்பது நமக்குக் கைவந்த கலை. அந்தக் கலையை நம்பி வெளியான அட்டை ஒன்று உண்டு.

லண்டனில் மைண்ட் கேண்டி என்ற சின்ன கேம் நிறுவனம் 2005-ல் 'பெர்பிளெக்ஸ் சிட்டி'யைத் தொடங்கியது. கதை எங்கே முடிகிறது, நிஜம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத வகை விளையாட்டு அது. கதை மாந்தரே நமக்கு மின்னஞ்சல் எழுதுவார்கள். கற்பனை நகரம் ஒன்றில் திருடுபோன கனசதுரம் பூமியில் எங்கோ புதைந்து கிடக்கிறது, எடுத்தால் ஒரு லட்சம் பவுண்டு பரிசு என்பது கதை. புதிர் அட்டைகள் பாக்கெட்டுக்கு ஆறாக விற்றன. 2007 பிப்ரவரியில் நார்தாம்ப்டன்ஷயர் காட்டில் ஒருவர் கனசதுரத்தைத் தோண்டி எடுத்தார். ஆட்டம் முடிந்தது.

256-ஆம் அட்டைக்கோ முடியவில்லை. அதில் ஒரு ஜப்பானியரின் படமும் 'என்னைக் கண்டுபிடி' என்று ஜப்பானிய மொழியில் ஒரு வரியும்தான். கூடுதலாகக் கிடைத்த துப்பு ஒரு பெயர்: சதோஷி. தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று ஆறு கை மாறினால் உலகத்தில் யாரையும் எட்டிவிடலாம் என்ற பழைய கணக்கைச் சோதிப்பதே நோக்கம். பின்னணிக் கட்டடங்களை வைத்து, படம் எடுத்த இடம் பிரான்சின் கைசர்ஸ்பெர்க் என்று கண்டுபிடித்தார்கள். ஊர் கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. ஜப்பானில் சதோஷி என்பது நம்மூர் முருகன் மாதிரி, தெருவுக்கு ஒருவர்.

தேடியவர்கள் தளரவில்லை, படத்தை நாடு நாடாக அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் 2020 டிசம்பரில் ஜெர்மானியர் ஒருவர் முகம் தேடும் மென்பொருளில் அந்தப் படத்தைப் போட்டார். ஆள் அகப்பட்டார். அவரும் 'நான்தான்' என்று ஒப்புக்கொண்டார்.

எனக்கு இதில் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆறு பேர் வாய்வழியாக நடக்க வேண்டிய வழியை இயந்திரம் ஒரே எட்டில் தாண்டிவிட்டது. யாரும் யாரிடமும் 'இவரைத் தெரியுமா?' என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

அதே அட்டை வரிசையில் ரீமான் கருதுகோள் என்ற கணிதக் கூற்றை நிரூபிக்கச் சொல்லும் அட்டையும் ஒன்று உண்டு. அதற்கு இன்றுவரை விடை வரவில்லை.