தள்ளாட்டத்துக்கு ஓர் அளவுகோல்: பரம்பரைச் சிறுமூளைச் சிதைவும் கள்ளக்குறிச்சியும்

மும்பை நரம்பியல் மருத்துவர் நோஷிர் வாடியாவும் அவருடைய இணை ஆசிரியர் சுவாமியும் 1971இல் ‘பிரெய்ன்’ இதழில் ஒன்பது குடும்பங்களைப் பற்றி எழுதினார்கள். நடை தள்ளாடுவதோடு கண்ணசைவும் மந்தப்படும் பரம்பரை நோய் அது. நுணுக்கமான விவரிப்புதான்; ஆனால் நோய் எவ்வளவு வேகமாக முற்றுகிறது என்று சொல்ல அன்று பொதுவான அளவுகோல் இல்லை.

1993இல் ஹாரி ஆரும் ஹுதா சோக்பியும் இத்தகைய பரம்பரைச் சிறுமூளைச் சிதைவு நோய்களின் முதல் வகையான எஸ்.சி.ஏ.1-க்குக் காரணமான மரபணு மாற்றத்தைக் கண்டறிந்தனர். மரபணுவில் சி.ஏ.ஜி. என்னும் மூவெழுத்துத் தொடர் அளவுக்கு மீறி நீள்கிறது. நீளம் கூடக்கூட நோய் இளவயதிலேயே தலைகாட்டுகிறது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. தமிழ்ச் சமூகம் ஒன்றில் இந்த வகை மிக அதிகமாக இருப்பதை 2005இல் ‘நியூராலஜி இந்தியா’ கட்டுரை ஒன்று பதிவுசெய்தது. 2014இல் வெளியான தென்னிந்திய ஆய்வில் பரிசோதிக்கப்பட்ட நூறு பேரில் 16 பேருக்கு அறிகுறிகள் இருந்தன. 21 பேரிடம் மரபணு மாற்றம் இருந்தும் அறிகுறி இல்லை. அவர்களில் நால்வர், நோய் தொடங்கும் சராசரி வயதான 44ஐ எப்போதோ கடந்தவர்கள். மரபணுவை மட்டும் வைத்து ஒருவரின் நாளையைக் கணிக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஆளைத்தான் அளக்க வேண்டும். 1997இல் வந்த ‘இகார்ஸ்’ அளவுகோல் நூறு புள்ளி கொண்டது, நேரம் பிடிக்கும். 2006இல் வந்த ‘சாரா’ எட்டே சோதனைகளில், 40 புள்ளிகளில் வேலையை முடித்தது. நடை, நிற்றல், உட்காருதல், பேச்சு, பிறகு விரல், கை, குதிகால் அசைவுகள். சுவரையொட்டி நடந்து திரும்பச் சொல்கிறார்கள். குதிகாலோடு விரல்நுனி சேர அடியெடுத்து வைக்கச் சொல்கிறார்கள். பூஜ்யம் என்றால் குறையே இல்லை. இயந்திரம் எதுவும் வேண்டாம். பழகிய ஒரு கண் போதும். ஐரோப்பிய நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2015இல் சொன்ன கணக்கு இது: முதல் வகையில் ஆண்டுக்குச் சுமார் 2.1 புள்ளி ஏறுகிறது, ஆறாம் வகையில் 0.8. ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று கேட்பவர் இந்த ஏற்றத்தைத்தான் பார்த்தாக வேண்டும்.

கள்ளக்குறிச்சி போன்ற மாவட்டத்தில் இந்த அளவுகோலுக்கு இன்னொரு பயனும் உண்டு. 2024 ஜூனில் அங்குள்ள கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அதே மாவட்டத்தின் கல்வராயன் மலையோ சாராய வேட்டைச் செய்திகளில் அடிக்கடி அடிபடும் பெயர். அப்படிப்பட்ட வட்டாரத்தில் தள்ளாடி நடப்பவரைக் குடிகாரர் என்று ஒதுக்கிவிடுவது எளிது. குடிபோதைத் தள்ளாட்டம் விடிந்தால் தெளியும். பரம்பரைச் சிதைவு தெளியாது, வருடத்துக்கு வருடம் கூடும். நாட்பட்ட குடியும் சிறுமூளையைக் கெடுக்கும் என்பதால் ஒரே ஒரு பார்வையில் தீர்ப்புச் சொல்வது தவறு. மரபணுச் சோதனையும் ஆண்டுதோறும் எடுத்த சாரா புள்ளியும் அருகருகே இருக்க வேண்டும்.

2022 ஜனவரியில் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. ஒரே நோயாளியை ஒரே பயிற்சி பெற்றவர் வருடந்தோறும் பார்க்க இனி மாவட்டத்துக்குள்ளேயே இடமுண்டு. கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலையிலிருந்து நடக்கத் தடுமாறும் ஒருவரைப் பேருந்தில் கீழே இறக்குவதைவிட, அளப்பவர் மலையேறுவதே முறை; சோதனைக்கு ஒரு சுவரும் ஒரு கட்டிலும் போதும். பதிவேட்டில் குடும்பப் பெயரும் சாதியும் வெளித்தெரியக் கூடாது. பெண் கொடுத்து எடுக்கும் பேச்சில் இந்தப் புள்ளி நுழைந்துவிட்டால், அடுத்த ஆண்டு அளக்க யாரும் கதவு திறக்க மாட்டார்கள்.