விலக்கும் தயக்கமும்

1996-இல் ஹூண்டாய் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டையில் காலூன்றியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறக்கப்பட்டது. அவற்றோடு கொரிய, ஜப்பானிய உணவுகளும் இவ்வட்டாரத்திற்கு வந்தன. கிம்ச்சியைக் கண்டு நம்மில் பலர் முகம் சுளிக்கிறோம். அது மார்க்கம் விதித்த விலக்கா, பழக்கமின்மையால் எழும் தயக்கமா?

அன்னை மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில் சுட்ட உடும்பு பரிமாறப்பட்டபோது நபி (ஸல்) அவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். இது ஹராமா எனக் காலித் பின் வலீத் (ரலி) வினவினார்கள். ஹராமன்று, தம் மக்களின் பூமியில் இல்லாததால் மனம் ஒப்பவில்லை என விளக்கினார்கள். நபியவர்கள் பார்த்திருக்கவே காலித் உண்டார்கள். இரண்டையும் பிரித்தறியும் பாடம் இதில் உள்ளது.

நம் முன்னோரும் புதுமைக்கு அஞ்சவில்லை. கீழக்கரைத் தொதல் மலாய் நாட்டுத் தோதோலின் உறவு. அமெரிக்க மண்ணின் மிளகாய் போர்த்துக்கீசியர் வழியே நம் ஆணத்தில் கலந்தது. கொரியாவையும் அடைந்து கிம்ச்சியைச் சிவக்கச் செய்தது.

எனினும் கொரியச் சமையலில் பன்றி இறைச்சியும், ஜப்பானியச் சமையலில் மிரின் என்னும் அரிசி மதுவும் இடம்பெறுவதால் கேட்டறிவது நம் கடமை. ஹலால் எனத் தெளிந்தபின் சுவைப்பதும் தவிர்ப்பதும் அவரவர் விருப்பம். பிறர் உணவைப் பழிப்பது மட்டும் நபிவழியன்று.