படம் விழுந்தது

கூடைப்பந்து விளையாட்டு குளிருக்குப் பயந்து பிறந்தது. 1891 டிசம்பரில், அமெரிக்காவில் ஸ்பிரிங்பீல்டு நகரத்து ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், பனிக்காலத்தில் வெளியே ஓடியாட வழியில்லாமல் முரண்டு பிடித்த மாணவர்களுக்காக ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் இரண்டு பீச் பழக் கூடைகளைக் கூடத்தின் இரு பக்கமும் உயரத்தில் மாட்டினார். பக்கத்துக்கு 9 பேராக 18 பேர் ஆடினார்கள். அந்த முதல் ஆட்டக்காரர்கள் ஆசிரியரோடு அசையாமல் இருந்து எடுத்துக்கொண்ட குழுப் படம் உண்டு. அவர்கள் துள்ளிப் பாயும் படம் கிடையாது. கூடத்துக்குள் ஓடுகிறவனைப் பிடித்து நிறுத்தும் திறமை அந்தக் காலத்துக் காமிராவுக்கு இல்லை.

வெயில் வேண்டும், இல்லாவிட்டால் வெயிலை நாமே உண்டாக்க வேண்டும். 1887-ல் ஜெர்மனியில் மீத்தே, கேடிக்கே என்ற இருவர் மக்னீஷியப் பொடியைக் கொளுத்தி வெளிச்சம் உண்டாக்க வழி சொன்னார்கள். வெளிச்சம் வந்தது, கூடவே புகையும் வந்தது. 1929-ல் அதே ஜெர்மனியில் பொடியைக் கைவிட்டு, மெல்லிய உலோகத் தகட்டைக் கண்ணாடிக் குமிழுக்குள் அடைத்தார்கள். புகை போயிற்று. ஆனால் ஒரு குமிழுக்கு ஒரு படம்தான். பிறகு 1930-களில் எம்.ஐ.டி. பேராசிரியர் ஹரால்டு எட்ஜர்டன், மின்சாரத்தைச் சேர்த்து வைத்து ஒரே மூச்சில் வெளியிடும் விளக்கைச் செய்தார். அதன் ஒளி விநாடியில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு நேரமே நிற்கும். அங்கேயே படித்த கியான் மிலி அந்த விளக்கைக்கொண்டு ஆட்டக்காரர்களையும் நடனக்காரர்களையும் அந்தரத்தில் நிறுத்திப் படமெடுத்துப் புகழ் பெற்றார்.

அந்த விளக்கின் ஏழைப் பேரன் ஒருவன் என் மாணவப் பருவத்தில் என் கைக்கும் வந்து சேர்ந்தான். மாமாவிடம் இரவல் வாங்கிய ரஷ்யக் காமிரா, அதன் தலையில் ஒரு பிளாஷ். இவற்றோடு கல்லூரிப் பந்தயங்களுக்குப் போவேன். எங்கள் ஊர்ப் பக்கம் கூடைப்பந்து திறந்தவெளி ஆட்டம்தான். ஆனால் அந்த வருஷம் இறுதி ஆட்டம் ஒரு கூடத்துக்குள் நடந்தது. மஞ்சள் விளக்குகள் அழுது வடிந்துகொண்டிருந்தன. கடைசி நிமிஷம், எங்கள் கல்லூரிக்கு ஒரு புள்ளி குறைவு. எங்கள் பையன் ஒருவனுக்குத் தடையின்றி எறியும் வாய்ப்பு இரண்டு கிடைத்தது. நான் வளையத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். அவன் பந்தை உயர்த்தினான். நான் விசையை அமுக்கினேன். பளீரென்றது. பந்து வளையத்தில் பட்டு வெளியே போயிற்று. இரண்டாவதும் அப்படியே. தோற்றோம்.

வெளியே வந்தபோது அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "என்னப்பா, உனக்குப் படம் விழுந்திருக்குமே! எனக்குத்தான் பந்து விழவில்லை" என்றான். கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

படம் மிக நன்றாகவே விழுந்திருந்தது. அதை அவனிடம் கொடுக்க எனக்குத் துணிவு வரவில்லை.

அதற்குப் பிறகு கூடத்துக்குள் நான் பிளாஷைத் தொட்டதில்லை. இருக்கிற வெளிச்சத்தில் என்ன முடியும்? 400 வேகமுள்ள பிலிம், விநாடியில் 60-ல் ஒரு பங்கு. அந்த நேரத்துக்குள் விநாடிக்கு 6 மீட்டர் ஓடுகிறவன் 10 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவான். முகம் முகமாக இராது. கோடக் கம்பெனி 1954-ல் 35 மில்லிமீட்டர் அளவில் கொண்டுவந்த டிரை-எக்ஸ் போன்ற பிலிம்களைக் கூடுதல் நேரம் கழுவி, 400-ஐ 1600 ஆக்குவார்கள். படம் மணல் தூவியதுபோல் ஆகும், இருந்தாலும் படம்தான்.

இன்னொரு வழியைப் பூமியே கற்றுக்கொடுத்தது. மேலே எறிந்த எந்தப் பொருளும் உச்சியில் தயங்கித்தான் கீழே திரும்புகிறது. 60 சென்டிமீட்டர் குதிக்கிறவன் அந்தரத்தில் இருப்பது ஏறக்குறைய 0.7 விநாடி, அதில் பாதி நேரம் உச்சியிலுள்ள 15 சென்டிமீட்டருக்குள்ளேயே கழிகிறது. ஓடும்போது பிடிக்காதே, எழும்பட்டும், தயங்கட்டும் என்று காத்திருந்தேன். காத்திருப்பதற்கு ஆட்டத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. அதற்கு முன் நான் ஆட்டத்தையே சரியாகப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது!

2007-ல் வந்த நிக்கான் டி3 காமிராவில் 6400 வேகம் சாதாரணமாயிற்று. 400-க்கு அது 16 மடங்கு. 60-ல் ஒரு பங்கு கேட்ட கூடத்தில் 1000-ல் ஒரு பங்கே போதும். 10 சென்டிமீட்டர் மங்கல் 6 மில்லிமீட்டராகச் சுருங்கிவிட்டது. நூறாண்டுக்கு மேலாக வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டே வந்தவர்கள், கடைசியில் காமிராவின் கண்ணைக் கூர்மையாக்கிக் காரியத்தைச் சாதித்துவிட்டார்கள்.

சென்ற மாதம் என் பேத்தி அவள் கல்லூரிக் கூடத்தில் படமெடுப்பதைப் பார்க்கப் போனேன். வளையத்துக்குப் பின்னால், நான் உட்கார்ந்த அதே மாதிரி இடத்தில் உட்கார்ந்திருந்தாள். எதிரே ஒரு பெண் தடையின்றி எறியத் தயாரானாள். எனக்கு நெஞ்சு படபடத்தது. பேத்தி நாலைந்து படம் எடுத்தாள். பளிச்சென்று எதுவும் மின்னவில்லை. பந்து வலைக்குள் இறங்கிற்று. எறிந்த பெண் அவள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.