“துண்டு எங்க மனே?”: உன்னிச்சையில் ஒரு மின்னஞ்சல் வழங்கி

உன்னிச்சையில் எங்கள் அயலில் உள்ள ஓர் அம்மாவிடம் ஒரு பொலித்தீன் பை இருக்கிறது. மகன் காணாமற்போன நாளிலிருந்து அவர் அனுப்பிய கடிதங்களின் பிரதிகள் எல்லாம் அதற்குள். ஒவ்வொரு பிரதியோடும் பதிவுத் தபால் துண்டு குத்தப்பட்டிருக்கும். 2007 மார்ச்சில் படுவான்கரையே இடம்பெயர்ந்தபோதும், 2011 ஜனவரி வெள்ளத்தின்போதும் அவர் அந்தப் பையை விடவில்லை.

இப்போது பல அலுவலகங்கள் “மெயில் போடுங்கள்” என்கின்றன. எங்கள் கிராமத்துச் சங்கத்தின் கணினியை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அதனால் அவரது கடிதத்தை நான் தட்டச்சு செய்து அனுப்பினேன். அனுப்பி முடிந்ததும் அவர் கேட்டார்: “துண்டு எங்க மனே?”

என்னிடம் காட்ட எதுவும் இருக்கவில்லை. அந்தக் கேள்விதான் என்னைச் சொந்தமாக ஒரு மெயில் சேர்வர், அதாவது மின்னஞ்சல் வழங்கி, அமைக்க வைத்தது. எப்படி அமைத்தேன், எங்கே பிழைவிட்டேன் என்பதை, இதேபோன்ற வேலையில் உள்ள சங்கங்களுக்கும் இளைஞர்களுக்கும் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

இலவசக் கணக்கில் என்ன குறை?

சங்கத்துக்கு முன்பு ஓர் இலவச மின்னஞ்சல் கணக்கு இருந்தது. அதை ஆரம்பித்த தம்பி தன் கைத்தொலைபேசி இலக்கத்தையே கொடுத்திருந்தார். பிறகு அவர் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனார். அந்தச் சிம் காலாவதியாகியது. நாங்கள் கணினியை மாற்றிய அன்று, கணக்கைத் திறப்பதற்கான இரகசிய எண் அந்த இல்லாத இலக்கத்துக்கே போனது. காணி அனுமதிப்பத்திரம் தொடர்பாகவும் காணாமற்போனோர் தொடர்பாகவும் நான்கு வருடங்களாக எழுதிய கடிதங்கள் எல்லாம் உள்ளே பூட்டப்பட்டுவிட்டன. நீண்ட காலம் திறக்காத கணக்குகளை நீக்கிவிடலாம் என்றும் இப்படியான சேவைகளின் விதிமுறைகளில் இருக்கிறது.

அன்று விளங்கியது இரண்டு விடயம். முகவரி எங்கள் பெயரில் இருக்கவேண்டும். பிரதி எங்கள் கையில் இருக்கவேண்டும்.

மின்னஞ்சல் எப்படிப் போகிறது?

நீங்கள் அனுப்பும் மின்னஞ்சல் நேரே மற்றவரின் கணினிக்குப் போவதில்லை. முதலில் உங்கள் வழங்கிக்குப் போகும். அது பெறுநரின் வழங்கியைத் தேடிக் கண்டுபிடித்து ஒப்படைக்கும். அந்த நேரம் மறுபக்கம் இயங்காவிட்டால், கடிதத்தை வரிசையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயலும். போஸ்ட்பிக்ஸ் என்ற மென்பொருள் இயல்பாக ஐந்து நாட்கள் முயன்ற பின்னரே கைவிட்டு, அனுப்பியவருக்குத் திருப்பி அனுப்பும்.

இலங்கையில் மின்னஞ்சல் தொடங்கியதும் இப்படிச் சேர்த்துவைத்து அனுப்பும் முறையில்தான். 1990 இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு தொடங்கிய லேர்ன்மெயில், சேர்ந்த கடிதங்களைத் தொலைபேசி இணைப்பு மூலம் பரிமாறியது. அதே வருடம் ஜூனில் கிழக்கில் யுத்தம் மீண்டும் மூண்டது. வெளியூரில் உள்ளவர்களின் சுகம் அறிய, செஞ்சிலுவைக் குழு கொண்டுவரும் திறந்த மடல்களை எம்மவர்கள் எதிர்பார்த்திருந்த காலம் அது.

இந்த ஐந்து நாள் பொறுமை எங்கள் இடத்துக்கு மிகப் பெரிய வசதி. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது நினைவிருக்கும். அப்படியான நாளிலும், வழங்கி நின்றதற்காகக் கடிதம் தொலைந்துவிடாது.

பழைய கணினியே போதாதா?

நானும் அப்படித்தான் நினைத்தேன். சங்கத்தில் கிடந்த பழைய கணினியில் டெபியன் லினக்ஸை நிறுவி, இரண்டு கிழமை மினக்கெட்டேன். கடிதம் உள்ளே வரவில்லை. வெளியே போனவையும் மறுக்கப்பட்டன.

காரணம் இதுதான். வழங்கிகள் தமக்குள் பேசுவது 25 ஆம் இலக்க வாயிலினூடாக. வீட்டு இணைப்புகளில் அந்த வாயிலைப் பெரும்பாலும் மூடியே வைத்திருப்பார்கள். கைத்தொலைபேசி இணைப்பாயின், பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது ஐ.பி முகவரியைப் பகிர்வார்கள். வெளியிலிருந்து வருபவர் எங்கள் கணினியை அடையவே வழியில்லை. மேலும், வீட்டு இணைப்பிலிருந்து வரும் கடிதங்களைப் பெரிய நிறுவனங்கள் குப்பை அஞ்சல் என்று தள்ளிவிடும்.

ஆகவே வேலையை இரண்டாகப் பிரித்தேன். கடிதத்தை வாங்கி அனுப்புவது, தரவு மையம் ஒன்றில் மாதவாடகைக்கு எடுத்த சிறிய லினக்ஸ் வழங்கி. 1 ஜிபி நினைவகம் எங்கள் அளவுக்குப் போதும். பிரதிகளைப் பாதுகாப்பது, உன்னிச்சையில் உள்ள பழைய கணினி. வாடகைக்கு எடுக்குமுன் இரண்டு கேள்வி கேளுங்கள்: 25 ஆம் வாயிலால் வெளியே அனுப்ப விடுவீர்களா? ஐ.பி முகவரிக்கு எதிர்ப்பதிவு வைக்க விடுவீர்களா? இரண்டுக்கும் “ஆம்” என்றால் மட்டும் பணம் கட்டுங்கள்.

அமைக்கும் ஒழுங்கு

1. சொந்தமாக ஒரு தளப்பெயர் வாங்குங்கள். தனிநபர் பெயரில் அல்லாமல் சங்கத்தின் பெயரில் பதியுங்கள். 2010 முதல் ‘.இலங்கை’ என்ற தமிழ்ப் பெயரும் பாவனையில் உள்ளது. தமிழிலேயே மின்னஞ்சல் முகவரி வைப்பதற்கான நியமம் 2012 இல் வந்தது. 2015 இல் வெளிவந்த போஸ்ட்பிக்ஸ் 3.0 அதை ஏற்கிறது. ஆனால் பல இணையப் படிவங்கள் இன்னும் ஏற்பதில்லை. முதன்மை முகவரியை ஆங்கில எழுத்தில் வைத்து, தமிழ் முகவரியை மேலதிகமாக வைப்பது நல்லது.

2. டி.என்.எஸ் பதிவுகளை இடுங்கள். வழங்கியின் பெயர் எந்த ஐ.பி என்று காட்டுவது ஒன்று. இந்தத் தளப்பெயருக்கு வரும் கடிதத்தை எந்த வழங்கியிடம் கொடுக்கவேண்டும் என்று சொல்லும் எம்.எக்ஸ் பதிவு இன்னொன்று. மூன்றாவது, ஐ.பி முகவரியிலிருந்து பெயருக்குத் திரும்பும் எதிர்ப்பதிவு. முதலாவதும் மூன்றாவதும் ஒன்றுக்கொன்று பொருந்தவேண்டும்.

3. போஸ்ட்பிக்ஸை நிறுவுங்கள். கடிதத்தை வாங்குவதும் அனுப்புவதும் அதன் வேலை. மெயின்.சி.எவ் என்ற கோப்பில் முக்கியமாகப் பார்க்கவேண்டியவை மூன்று. வழங்கியின் முழுப்பெயர் எதிர்ப்பதிவில் உள்ள அதே பெயராக இருக்கவேண்டும். ‘மைடெஸ்டினேஷன்’ வரியில் உங்கள் தளப்பெயர் இருக்கவேண்டும். அதை மறந்தால் உங்களுக்கே வரும் கடிதத்தை வழங்கி வாசலில் மறித்துவிடும். ‘மைநெட்வேர்க்ஸ்’ வரியில் 127.0.0.1 போன்ற உள்முகவரிகள் மட்டுமே இருக்கவேண்டும். அதைத் தாராளமாகத் திறந்துவிட்டால் உலகத்துக் குப்பை எல்லாம் உங்கள் வழங்கியால் போகும். சில நாட்களிலேயே கறுப்புப் பட்டியலில் பெயர் ஏறிவிடும்.

4. டவ்கொட்டை நிறுவுங்கள். வந்த கடிதங்களைப் பெட்டியில் வைத்து, கடவுச்சொல் கேட்டு வாசிக்கத் தருவது இது. வாசிப்பதற்கு 993 ஆம் வாயில், உங்கள் கணினியிலிருந்து அனுப்புவதற்கு 587. அனுப்பும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி போஸ்ட்பிக்ஸை டவ்கொட்டுடன் இணைக்கவேண்டும்.

5. மறைகுறியாக்கச் சான்றிதழைப் பொருத்துங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தருகிறது. வழமையாக 90 நாட்களே செல்லுபடியாகும். தானாகப் புதுப்பிக்கும்படி வைத்து, புதுப்பித்தவுடன் போஸ்ட்பிக்ஸும் டவ்கொட்டும் அதை மீண்டும் வாசிக்கும்படியும் வையுங்கள். இரண்டாவதை நான் மறந்தேன். புதிய சான்றிதழ் உள்ளே இருந்தும், வழங்கி பழையதையே காட்டிக்கொண்டிருந்தது.

6. மூன்று அடையாளங்களை இடுங்கள். எஸ்.பி.எவ் என்பது எங்கள் பெயரில் எந்த வழங்கி கடிதம் கொண்டுவரலாம் என்ற பட்டியல். டீகிம் என்பது ஒவ்வொரு கடிதத்திலும் குத்தும் முத்திரை. டீமார்க் என்பது இவை பொருந்தாத கடிதத்தை என்ன செய்வது என்று பெறுநருக்குச் சொல்லும் அறிவுறுத்தல். 2024 பெப்ரவரி முதல், தனக்கு வரும் கடிதங்களில் எஸ்.பி.எவ் அல்லது டீகிம் இருக்கவேண்டும், எதிர்ப்பதிவு பொருந்தவேண்டும் என்று கூகுள் கேட்கிறது. நாளுக்கு 5,000 கடிதத்துக்கு மேல் அனுப்புவோருக்கு மூன்றுமே கட்டாயம். சிறியவர்களும் மூன்றையும் வைத்துவிடுவது புத்தி.

7. பிரதியை ஊருக்குக் கொண்டுவாருங்கள். உன்னிச்சைக் கணினியில் எம்பிசிங்க் என்ற மென்பொருள் 15 நிமிடத்துக்கு ஒருமுறை வாடகை வழங்கியில் உள்ள புதிய கடிதங்களை இழுத்துக்கொள்கிறது. மின்சாரம் இல்லையென்றால், வந்ததும் இழுக்கும். அங்கே அழித்தால் இங்கேயும் அழியும்படி விட்டுவிடாதீர்கள். “புதியதை மட்டும் இழு, எதையும் நீக்காதே” என்று அமைத்தால்தான் அது காப்பகம்.

இதுதான் துண்டு

போஸ்ட்பிக்ஸ் தான் செய்யும் ஒவ்வொரு வேலையையும் ஒரு பதிவேட்டில் எழுதுகிறது. கடிதம் ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம். யாருக்கு, எந்த நாள், எத்தனை மணி, எந்த வழங்கியிடம் கொடுத்தது, அது என்ன பதில் சொன்னது என்பதெல்லாம் ஒரே வரியில் இருக்கும். பதில் 250 என்று தொடங்கினால் மறுபக்க வழங்கி கடிதத்தைப் பொறுப்பேற்றுவிட்டது. 4 இல் தொடங்கும் பதில் ‘பிறகு வா’ என்பது. 5 இல் தொடங்கினால் மறுத்துவிட்டது என்று அர்த்தம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். 250 என்றால் அதிகாரி வாசித்துவிட்டார் என்பதல்ல. பதிவுத் தபால் துண்டும் அப்படித்தானே. கடிதம் கொடுபட்டது என்றுதான் அது சொல்லும்.

இந்தப் பதிவேடு விடயத்தில் நான் விட்ட பிழைதான் பெரியது. அந்த அம்மாவின் கடிதம் புதிய வழங்கியால் போய் இரண்டு மாதத்தின் பின், அனுப்பிய அலுவலகத்தில் விசாரித்தோம். “அப்படியொன்று வரவில்லை” என்றார்கள். உறுதியோடு வந்து பதிவேட்டைத் திறந்தேன். அந்த வரி இல்லை. டெபியனில் இந்தப் பதிவேடு கிழமைக்கு ஒருமுறை மாற்றப்பட்டு, நான்கு கிழமைப் பழையதுதான் மிஞ்சும்படி இயல்பாக அமைந்திருக்கிறது. அதற்கு முந்தியது தானாக அழிந்துவிடும். பொலித்தீன் பையில் பல வருடத் துண்டுகளைக் காத்தவருக்கு, என்னால் இரண்டு மாதத் துண்டைக் காட்ட முடியவில்லை.

அதன் பின் மூன்று வேலை செய்தேன். முதலாவது, லொக்ரோட்டேட் அமைப்பில் 4 என்பதை 520 ஆக்கினேன். பத்து வருடக் கிழமைகள். சுருக்கிய கோப்புகள் அதிக இடம் பிடிப்பதில்லை. டெபியன் 12 இலிருந்து இந்தப் பதிவேட்டை எழுதும் ஆர்.சிஸ்லொக் இயல்பாக வருவதில்லை என்பதால் அதைத் தனியே நிறுவவேண்டும். இரண்டாவது, பதிவேட்டின் பிரதியையும் இரவில் உன்னிச்சைக் கணினிக்கு இறக்குகிறேன். மூன்றாவது, முக்கியமான கடிதங்களை தண்டர்பேர்ட் மென்பொருளில் ‘விநியோக நிலை அறிவித்தல்’ கேட்டு அனுப்புகிறேன். மறுபக்க வழங்கி இந்த வசதியை ஆதரிக்காவிட்டால், அது ஏற்றதும் போஸ்ட்பிக்ஸே அதன் பதிலோடு ஓர் அறிக்கையை எங்கள் பெட்டியில் போடும்; ஆதரித்தால் அறிக்கை அனுப்பும் பொறுப்பு மறுபக்கத்துக்குப் போகும். அதை அச்சிட்டுக் கடிதப் பிரதியோடு குத்திக் கொடுக்கலாம்.

சட்டத்தில் இதற்கு இடம் உண்டா?

2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம், இலத்திரனியல் வடிவம் என்ற ஒரே காரணத்துக்காக ஆவணத்தை மறுக்கக்கூடாது என்கிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, எழுத்துமூலக் கோரிக்கை என்பதில் இலத்திரனியல் முறையும் அடங்கும். தகவல் அலுவலர் உடனே எழுத்தில் பற்றுக்கொண்டமையை அறிவிக்கவேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தைச் சொல்லவேண்டும். அந்த 14 நாளை எண்ணத் தொடங்குவதற்குத்தான் எங்களுக்குத் திகதி தேவை. நீதிமன்றத்துக்குக் கொண்டு போவதாயின் சட்டத்தரணியின் ஆலோசனையோடு செய்யுங்கள்.

கவனிக்கவேண்டியவை

இந்தப் பெட்டியில் இருப்பது சாதாரண கடிதங்கள் அல்ல. சாட்சிகளின் பெயர், ஊர், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் இருக்கும். ஊரில் உள்ள கணினியின் வன்தட்டை நிறுவும்போதே முழுவதுமாக மறைகுறியாக்கிவிடுங்கள்; கணினியே களவு போனாலும் உள்ளே இருப்பதை வாசிக்க முடியாது. கடிதத்தின் தலைப்பில் ஆளின் பெயரை எழுதாதீர்கள். கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்ப ஊகிப்பவர்களைத் தடுக்க ஃபெயில்ருபான் வையுங்கள். லினக்ஸின் பாதுகாப்புப் புதுப்பித்தல்களைத் தவறவிடாதீர்கள்.

முக்கியமானது, ஒருவர் கையில் மட்டும் இதை விடாதீர்கள். நானும் நாளைக்கு வெளிநாடு போகலாம். கடவுச்சொற்களும், தளப்பெயர் புதுப்பிக்கும் திகதியும், செய்யும் முறையும் எழுதிய ஒட்டிய உறை ஒன்று சங்கத்தின் பொருளாளரிடம் இருக்கிறது. என்னோடு இன்னுமொரு தங்கச்சி பழகி வருகிறார். தளப்பெயருக்கு வருடக் கட்டணம் கட்டாமல் விட்டால், இலவசக் கணக்குக்கு நடந்ததே இதற்கும் நடக்கும்.

தனிக் குடும்பம் ஒன்றுக்கு இவ்வளவு தேவையில்லை. இருக்கும் கணக்கையே பாவியுங்கள். மீட்பு இலக்கம் இப்போதும் உங்கள் கையில் உள்ளதா என்று இன்றே பாருங்கள். கடிதங்களைத் தண்டர்பேர்ட் மூலம் கணினியில் இறக்கி, ஒரு பிரதியை வேறிடத்தில் வையுங்கள். பல குடும்பங்களின் கடிதங்களைச் சுமக்கும் சங்கங்களுக்குத்தான் சொந்த வழங்கி பெறுமதியானது.

அந்த அம்மாவின் கடிதத்தைத் திரும்பவும் அனுப்பினோம். இம்முறை வந்த அறிக்கையை அச்சிட்டு அலுவலகத்துக்குக் கொண்டுபோனோம். அதிகாரி நேரத்தைப் பார்த்து, தன் குப்பை அஞ்சல் பெட்டியைத் திறந்தார். கடிதம் அங்கே கிடந்தது. அன்றே பதிவு இலக்கம் தந்தார். மகனைப் பற்றிய பதில் இன்னும் வரவில்லை.

அச்சிட்ட தாளை அம்மா இரண்டாக மடித்து, கடிதப் பிரதியோடு குத்தி, பைக்குள் வைத்தார். “அடுத்ததையும் இப்படியே போடு மனே” என்றார்.