காயமும் இணைவும்: ஆங்கிலக் காதல் புதினங்களில் பாத்திர நம்பகத்தன்மையின் வரலாறு (1847–2021)

ஆய்வுச்சுருக்கம்

ஆங்கிலக் காதல் புதினங்களில் மனக்காயம் ஆறுதல் என்னும் கருப்பொருள் அடைந்துள்ள மாற்றங்களை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. காதலர் இணைவதும் காயம் ஆறுவதும் வெவ்வேறு நிகழ்வுகள் என்பதை உணர்ந்த படைப்புகளிலேயே பாத்திரங்கள் நம்பகத்தன்மை பெறுகின்றன என்பது இதன் முடிவாகும்.

திறவுச்சொற்கள்: காதல் புதினம், பாத்திரப் படைப்பு, மனக்காயம், பேணும் உழைப்பு, வாசகர் ஆய்வு.

முன்னுரை

காதல் புதினம் இன்பமுடிவை நோக்கி நகரும் இலக்கிய வகையாகும். பமீலா ரீஜிஸ் 2003இல் வெளியிட்ட தம் நூலில் இவ்வகைக்கு இன்றியமையாத எட்டுக் கூறுகளை வகுத்துள்ளார். சந்திப்பு, தடை, ஈர்ப்பு, மணவுறுதி முதலியன அவற்றுள் அடங்கும். குணமாதல் தனிக்கூறாக அவற்றில் இடம்பெறவில்லை. எனினும், 20ஆம் நூற்றாண்டுப் புதினங்களில் நாயகி காயமுற்ற நாயகனைக் குணப்படுத்துபவளாக அமைவதை அவர் சுட்டுகிறார். இப்பணி நாயகியிடம் எவ்வாறு ஒப்படைக்கப்பட்டது, பின்னர் எவ்வாறு அவளிடமிருந்து விலகியது என்பவை இங்கு ஆராயப்படுகின்றன.

விலகிச் சென்று திரும்பிய நாயகி

1847இல் வெளிவந்த சார்லட் பிராண்டியின் 'ஜேன் ஏர்' இவ்வகையின் முன்னோடிப் படைப்புகளுள் ஒன்று. ரோச்செஸ்டருக்கு மனைவி இருப்பதை அறிந்ததும் ஜேன் அவனை விட்டு நீங்குகிறாள். அவனது துயரம் உண்மையானது என்பதை அவள் அறிவாள். ஆயினும் அத்துயரத்தைத் தீர்ப்பதற்காகத் தன் மதிப்பை இழக்க அவள் உடன்படவில்லை. பின்னர்ச் சொந்தச் செல்வத்துடன் திரும்பும்போது, தீ விபத்தில் பார்வையையும் ஒரு கையையும் இழந்த நிலையில் அவனைக் காண்கிறாள். மணத்திற்குப் பின் அவனுக்கு ஒரு கண்ணில் மட்டுமே பார்வை ஓரளவு மீள்கிறது. இணைவு முழுமையாக நிகழ, குணம் பகுதியளவில் நின்றுவிடுகிறது. இவ்வேறுபாடு பிற்காலத்தில் மங்கியது.

வணிகப் பதிப்பும் மறைந்த வேறுபாடும்

இ. எம். ஹல்லின் 'தி ஷேக்' (1919) புதினத்தில் நாயகன் நாயகியைக் கடத்தி வன்கொடுமைக்கு உள்ளாக்குகிறான். ஆங்கிலேயர் மீது அவன் கொண்ட வெறுப்புக்குத் தன் தாய்க்குத் தந்தை இழைத்த கொடுமையே காரணம் எனக் கதை பின்னர் விளக்குகிறது. இங்குக் காயம் கொடுமைக்கான மன்னிப்பாக மாறுகிறது. நாயகியின் காயமோ காதலில் கரைந்துபோனதாகக் காட்டப்படுகிறது.

1908இல் இலண்டனில் தொடங்கப்பட்ட மில்ஸ் அண்ட் பூன் நிறுவனம் 1930களில் காதல் புதினங்களில் முழுக்கவனம் செலுத்தியது. கனடாவின் ஹார்லெக்வின் நிறுவனம் 1957இல் அப்புதினங்களை மறுபதிப்பிடத் தொடங்கியபோது முதலில் தேர்ந்தவை மருத்துவர், செவிலியர் கதைகளே. பேணுதல் அக்கதைகளில் நாயகியின் தொழிலாகவும் அமைந்தது.

ஜானிஸ் ராட்வே 1984இல் வெளியிட்ட ஆய்வு இப்போக்கைப் புரிந்துகொள்ளத் துணைபுரிகிறது. 'ஸ்மித்டன்' எனப் புனைபெயரிடப்பட்ட அமெரிக்க ஊரில் காதல் புதின வாசகியரை அவர் ஆராய்ந்தார். அவர்கள் மிகவும் விரும்பிய புதினங்களில், நாயகனின் கடுமையை அவன் முன்பு பட்ட காயத்தின் விளைவாக நாயகி மறுவிளக்கம் செய்வது ஒரு நிலையான கட்டமாக இருந்ததை அவர் கண்டறிந்தார். கொடிய நாயகர்களை அவ்வாசகியர் விரும்பவில்லை என்பதும் இவ்வாய்வில் பதிவாகியுள்ளது. குடும்பத்தில் அனைவரையும் பேணும் பெண்ணைப் பேணுவோர் இல்லை. அக்குறையை வாசிப்பு ஓரளவு நிறைத்தது என்பது ராட்வேயின் விளக்கம். இதனால், பேணப்பட விரும்பிய வாசகி பேணும் நாயகியின் கதையையே வாசித்தாள் என்னும் முரண் புலனாகிறது.

நோய்க்குப் பெயரிடப்பட்ட காலம்

1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனவழுத்தக் கோளாற்றைத் தன் நோயறி கையேட்டில் சேர்த்தது. மனக்காயம் குணக்கேடன்று, அறிகுறிகளும் கால அளவும் உடைய ஒரு நிலை என்னும் புரிதல் இதனால் வலுப்பெற்றது. இக்காலச் சூழலில் காதல் புதினமும் நோயின் நுட்பங்களைக் கவனிக்கலாயிற்று. லாரா கின்சேல் 1992இல் எழுதிய 'ஃபிளவர்ஸ் ஃப்ரம் தி ஸ்டோர்ம்' புதினத்தில், மூளைத் தாக்கத்தால் பேச்சிழந்த பிரபு பித்தனெனக் கருதப்பட்டு மனநலக் காப்பகத்தில் அடைக்கப்படுகிறான். உடைந்த சொற்களாகவே அவன் பேச்சு பக்கங்களில் பதிவாகிறது. நாயகி அவனை முதலில் புரிந்துகொள்கிறாள். குணமாதல் மெல்லவே, குறைகளுடனேயே நிகழ்கிறது.

ஆறாத காயத்துடன் இணைவு

கொலீன் ஹூவரின் 'இட் எண்ட்ஸ் வித் அஸ்' (2016) இவ்வரலாற்றில் ஒரு திருப்பமாகும். சிறுவயதில் தன் அண்ணனைத் தவறுதலாகச் சுட்டுக் கொன்ற துயரத்தைச் சுமக்கும் ரைல் தன் மனைவி லில்லியைத் தாக்குகிறான். அவன் காயத்தை லில்லியும் வாசகரும் அறிந்துகொள்கின்றனர். ராட்வே கண்ட மறுவிளக்கக் கட்டம் இங்கும் உண்டு. ஆனால் அது மன்னிப்பாக முடியவில்லை. மகள் பிறந்தபின் லில்லி மணமுறிவைக் கோருகிறாள்.

டாலியா ஹிபர்ட்டின் 'கெட் எ லைஃப், க்ளோயி பிரவுன்' (2019) நாயகிக்கு ஃபைப்ரோமயால்ஜியா என்னும் நாள்பட்ட வலிநோய் உள்ளது. நாயகன் ரெட் முந்தைய உறவில் ஒரு பெண்ணின் கொடுமைக்கு உள்ளானவன். காதல் அவளது வலியை நீக்குவதில்லை. வலிக்கு ஏற்ப நாளை ஒழுங்குசெய்யும் துணையாகிறது. ஹெலன் ஹோவாங்கின் 'தி ஹார்ட் பிரின்சிபிள்' (2021) புதினத்தில் தந்தையைப் பேணும் சுமையால் அன்னா உளமுடைந்து போகிறாள். பேணும் உழைப்பே காயப்படுத்தக்கூடும் என்பதை இப்புதினம் வெளிப்படையாகப் பேசுகிறது. அவள் மீள்வதற்குக் காதலனின் அன்புடன் நீண்ட காலமும் தேவைப்படுகிறது.

முடிவுரை

இன்பமுடிவு பாத்திர நம்பகத்தன்மைக்கு எதிரானது என்னும் கருத்து திறனாய்வில் நெடுங்காலம் நிலவி வருகிறது. மேற்கண்ட வரலாறு இதனை மறுபரிசீலனைக்கு உட்படுத்துகிறது. இவ்வகை இலக்கியம் கோருவது இணைவை மட்டுமே. இணைவே குணம் என்பது அதன் இலக்கணத்தால் விளைந்ததன்று, 20ஆம் நூற்றாண்டில் வேரூன்றிய ஒரு வழக்கம் எனக் கொள்ளலாம். 1847இல் ஜேன் நீங்கியதும் 2016இல் லில்லி நீங்கியதும், பிறர் காயத்தை உணர்வதும் அதற்குத் தன்னைப் பலியிடுவதும் வேறு வேறு என்பதைக் காட்டுகின்றன. ஆகவே, காதல் புதினப் பாத்திரங்களை மதிப்பிடும் ஆய்வாளர் காயம் ஆறியதா என்று வினவுவதோடு, அதனை ஆற்றும் உழைப்பு யார்மீது சுமத்தப்பட்டது என்றும் வினவுதல் வேண்டும்.