பீரங்கி இருக்கிறது, பெயர்கள் எங்கே?

ஏற்காட்டுக்குப் போனால் ஏரி, படகு, லேடீஸ் சீட்... அதோடு பஸ் ஏறிவிடுகிறோம். அங்கே 'கிரேன்ஜ்' என்று ஒரு பழைய பங்களா உண்டு. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கட்டியது. இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்த அதே காக்பர்ன்தான்! 1857-ல் வடக்கே சிப்பாய்கள் கிளம்பியதும் இங்கிருந்த வெள்ளைக்காரர்களுக்கு உதறல் எடுத்துவிட்டது. பங்களாவைக் கோட்டை மாதிரி ஆக்கி, பீரங்கியும் வைத்தார்கள். கலகமோ சேர்வராயன் மலைப்பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை!

சரி, இதையெல்லாம் ஊர் நூலகத்தில் ஒரு கண்காட்சியாக வைத்தால் எப்படியிருக்கும்? துரைமார்களின் பெயர்கள் சுலபமாகக் கிடைத்துவிடும். ஆனால், மலையாளிகள்? (கேரளத்துக்காரர்கள் இல்லை. காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொள்ளும் இந்த மலையின் பழங்குடிகள்.) அவர்கள் அந்த பீரங்கியைப் பார்த்து என்ன நினைத்தார்கள் என்று யார் எழுதிவைத்தார்கள்?

நூலகக் கண்காட்சிதானே என்று அலட்சியமாக நினைக்காதீர்கள். சிங்கப்பூரில் ஒன்று நடந்தது.

1942 பிப்ரவரி 15. புக்கிட் தீமா ஃபோர்டு கார் ஆலையில்தான் பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல், ஜப்பானிய யமஷிடாவிடம் சரணடைந்தார். ஊர் பெயரையே 'சியோனான்' என்று மாற்றிவிட்டார்கள் ஜப்பானியர்கள். அந்த ஆலை இன்றைக்கு தேசிய நூலக வாரியத்தின் கீழுள்ள ஆவணக் காப்பகத்திடம் இருக்கிறது. 2017-ல் அங்கிருந்த போர்க்காலக் கண்காட்சியைப் புதுப்பித்து, 'சியோனான் காட்சிக்கூடம்' என்று பெயர் வைத்தார்கள். அவ்வளவுதான்... கொதித்துவிட்டது ஊர். ஜப்பானியர்கள் வரிசையாக நிறுத்திச் சுட்ட சீனர்களின் பிள்ளைகள் அங்கேதானே வாழ்கிறார்கள்? திறந்த இரண்டாம் நாளே பெயரை எடுத்துவிட்டு, அமைச்சர் மன்னிப்பும் கேட்டார். கேட்டதுதான் சரி.

நம்மவர்கள் கதை இன்னும் சிக்கல். சரணடைந்த இரண்டாவது நாள், ஃபேரர் பார்க் மைதானத்தில் சுமார் 45 ஆயிரம் இந்தியச் சிப்பாய்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினரிடமிருந்துதான் இந்திய தேசிய ராணுவம் பிறந்தது. சிலருக்கு அது விடுதலை நம்பிக்கை. அதே ஜப்பானியர்கள்தான் மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழர்களை லாரி லாரியாக அள்ளிக்கொண்டு போய், 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா ரயில் பாதை போடவைத்தார்கள். கங்காணி பேச்சை நம்பிச் சேலம் ஜில்லாவிலிருந்தும் எத்தனையோ குடும்பங்கள் மலாயாவுக்குக் கப்பல் ஏறியிருந்தன. அந்தப் பாதையில் செத்த ஆசியத் தொழிலாளர்கள் 90 ஆயிரம் பேர் வரை இருக்கும் என்கிறார்கள். காலரா, மலேரியா, பட்டினி.

தாய்லாந்தில் காஞ்சனபுரி போனால் பாருங்கள். நேச நாட்டுக் கைதிகளுக்கு வெட்டிச் சீராக்கிய புல்வெளி, கிட்டத்தட்ட ஏழாயிரம் கல்லறைகள், ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு கல். முனியாண்டிக்கும் ராமாயிக்கும் அந்தப் புல்வெளியில் இடமில்லை.