மடக்குக்கத்தி: ஆக்கவுரிமையும் உரிமமும்

இலங்கைத் தமிழர் வில்லுக்கத்தி என்றும் அழைக்கும் மடக்குக்கத்தியின் ஆக்கவுரிமை வரலாறு பெரும்பாலும் அதன் பூட்டின் வரலாறே. பிடிக்குள் மடங்கும் அலகு உரோமர் காலத்திலேயே உண்டு. அதற்கு இன்று எவரும் உரிமை கோர முடியாது. விரித்த அலகு விரல்மேல் மடங்காமல் தடுப்பது எப்படி, ஒற்றைக் கையால் அதை விரிப்பது எப்படி என்ற இரண்டு கேள்விகளைச் சுற்றியே பிற்காலப் பதிவுகள் பலவும் அமைந்தன.

சுவிற்சர்லாந்தில் கார்ல் எல்செனர் தமது அதிகாரிகள் கத்தியை 1897 ஜூன் 12இல் சட்டப்படி பதிவுசெய்தார். பிடியின் இருபுறக் கருவிகளையும் ஒரே வில்லில் இயங்கவைத்தது அவரது திறமை. அமெரிக்காவில் 1906இல் கட்டராகஸ் நிறுவனத்துக்காக வாட்சன், சட்விக் இருவரும் உட்தகட்டுப் பூட்டுக்கு ஆக்கவுரிமை பெற்றனர். பிடியின் உட்பக்கத் தகட்டில் ஒரு நாக்கை அறுத்து உள்நோக்கி வளைத்துவிடுவார்கள். அலகு முழுதாக விரிந்ததும் நாக்கு துள்ளி அதன் அடியில் முட்டுக்கொடுத்து நிற்கும். மடிக்க வேண்டுமானால் பெருவிரலால் நாக்கை ஒதுக்க வேண்டும். அந்த உரிமை காலாவதியாகி நெடுங்காலத்துக்குப் பின், 1980களின் தொடக்கத்தில், மைக்கல் வோக்கர் நாக்கில் ஒரு சிறு உருக்குக் குண்டைப் பதித்தார். மடித்த கத்தி பையில் தானாகத் திறக்காதபடி அக்குண்டு அலகின் குழியில் அமர்ந்துகொள்ளும். ‘லைனர்லொக்’ என்ற பெயரையும் அவர் வர்த்தகக் குறியாக்கினார். பொறிமுறை பொதுச்சொத்து, பெயர் தனிச்சொத்து என்ற பிரிவு இத்துறையில் வேரூன்றியதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

ஒற்றைக் கையால் விரிப்பதற்காக ஸ்பைடர்கோ நிறுவனம் அலகில் இட்ட வட்டத் துளைக்கு 1982இல் ஆக்கவுரிமை கிடைத்தது. அந்த ஆக்கவுரிமை முடிந்த பின்னரும் துளையின் வட்ட உருவம் வர்த்தகக் குறியாக நின்றது. ஆகவே பிறர் நீள்வட்டத் துளை இட்டனர், அல்லது உரிமம் வாங்கினர். உரிமத்தின் பலனைக் கண்டவர்கள் பில் மக்ஹென்றியும் ஜேசன் வில்லியம்ஸும். தங்கள் குறுக்குக்கம்பிப் பூட்டை பெஞ்ச்மேட் நிறுவனத்துக்கு உரிமமாக வழங்கினர். 1998இல் அது ‘அக்சிஸ்’ என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. ஏறத்தாழ இருபதாண்டு கழித்துக் காப்பு நீங்கியதும் மற்ற நிறுவனங்கள் அதே பூட்டை வேறு பெயர்களில் செய்யத் தொடங்கின.

இலங்கையில் ஆக்கவுரிமைச் சட்டம் 1859இல் பிரித்தானிய ஆட்சியில் தொடங்கி, 1906ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம், 1979ஆம் ஆண்டுக் கோவை வழியாக 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தை அடைந்தது. ஆக்கவுரிமைக்கு 20 ஆண்டு. கைத்தொழில் வடிவமைப்புக்கு ஐந்தாண்டு, இருமுறை புதுப்பித்தால் 15. பூட்டின் தொழிற்பாட்டுக்காக மட்டுமே அமைந்த உருவத்தை வடிவமைப்பாகப் பதிய முடியாது. பிடியின் வளைவையும் அலங்காரத்தையும் பதியலாம். உரிம ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், இருதரப்பும் கையொப்பமிட வேண்டும்.

ஆக்கவுரிமை நாட்டுக்கு நாடு தனித்தனி; மேற்கண்ட பூட்டுகளின் காப்போ நீங்கிவிட்டது. கிருலப்பனைப் பட்டறையொன்றில் உட்தகட்டுப் பூட்டையோ குறுக்குக்கம்பிப் பூட்டையோ செய்ய இன்று எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. பழைய ஆக்கவுரிமைப் பத்திரங்களின் வரைபடங்கள் எவரும் பார்க்கத் திறந்தே கிடக்கின்றன. நம் இளம் கைவினைஞர்கள் அவற்றைப் பாடநூலாகவே எடுத்துப் படிக்க வேண்டும். அலகில் ‘அக்சிஸ்’ என்று பொறிப்பதுதான் தகாது. அது வர்த்தகக் குறி; அத்தகைய குறியைப் பத்தாண்டுக்கொருமுறை எத்தனை தடவையும் புதுப்பிக்கலாம்.